ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் பெரிய பார்ட்னர்கள் ஓய்வு பெறும்போது: மும்பை ஆபீஸ்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ முலுண்டிலோ முப்பது வருடத்துக்கு மேல் நடக்கிற ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸை எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் பலகையில் இரண்டு பேரின் பெயர், இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அவர்களுக்குக் கீழே நாற்பது வயதில் மூன்று நான்கு அசோசியேட்டுகள். எல்லார் மனதிலும் ஒரே கேள்வி, யாரும் வாயைத் திறப்பதில்லை. "சார், எப்போது ரிட்டயர் ஆகப்போகிறீர்கள்?" என்று கேட்க ஜூனியருக்கு நா எழாது. சாருக்கோ, தானே பேச்சை எடுத்தால் நல்ல ஆட்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்களோ என்று பயம். இப்படியே வருடங்கள் ஓடி, கடைசியில் ஒரு ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட் வந்து எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிவு செய்கிறது. இந்த ஊரில் இந்தத் தொழிலில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல ஆபீஸ்கள் வேலை இல்லாமல் மூடியதைவிட இப்படிச் சிதறிப்போனதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்கு ஐந்து வருடம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். அதிலும் பணப் பேச்சுக்கு முன்னால் கிளையன்டும் கையெழுத்தும் கைமாற வேண்டும். பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது: ஆடிட்டரைக் கூப்பிட்டு பங்குக் கணக்கு போடுகிறார்கள், டீட் (பார்ட்னர்ஷிப் ஒப்பந்தப் பத்திரம்) எழுதுகிறார்கள், சால்வை போர்த்தி போட்டோ எடுக்கிறார்கள், மறுநாள் காலையில் கிளையன்ட் பழையபடி சாரின் மொபைலுக்கே போன் செய்கிறார்.

ஐந்து வருடம் எதற்கு என்றால், மும்பையில் ஒரு சொசைட்டி ரீடெவலப்மென்ட் (பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டுவது) தொடக்கப் பேச்சிலிருந்து ஓசி, அதாவது குடியேற அனுமதிக்கும் சான்றிதழ், வரை போக அவ்வளவு காலம், சில சமயம் அதற்கும் மேல் ஆகிவிடும். 62 வயதில் ஒருவர் புதிதாக ஏற்கும் வேலை முடியும்போது அவருக்கு 67, 68. "இந்த வேலையை முடித்துவிட்டு ஓய்வு" என்று நினைக்கிறவருக்கு அந்த நாள் வரவே வராது, ஏனென்றால் அது முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

முதலில், இந்த வாரமே செய்ய வேண்டியது

ஓய்வு பத்து வருடம் தள்ளி இருந்தாலும் இதைச் செய்யுங்கள். இந்திய பார்ட்னர்ஷிப் சட்டம் 1932, பிரிவு 42-ன்படி, டீடில் வேறு ஏற்பாடு எழுதியிருந்தால் ஒழிய, ஒரு பார்ட்னர் இறந்தால் ஃபர்ம் கலைந்துவிடும். இரண்டே பார்ட்னர் உள்ள ஆபீஸில் நிலைமை இன்னும் மோசம். ஒருவர் போனால் மிஞ்சுவது ஒரே ஆள், ஒரே ஆளை வைத்து பார்ட்னர்ஷிப் கிடையாது, டீடில் என்ன எழுதியிருந்தாலும் அது நிற்காது. ஆகவே இப்போது இரண்டு பேர் மட்டும் இருக்கிறீர்கள் என்றால் மூன்றாவது பார்ட்னரைச் சேர்ப்பதுதான் உங்கள் ஓய்வுத் திட்டத்தின் முதல் வேலை.

அப்புறம் ஒரு கவர். பேங்க் அக்கவுன்ட்டில் யார் யார் கையெழுத்து செல்லும், ஜிஎஸ்டி போர்ட்டலும் வருமான வரி போர்ட்டலும் யாருடைய மொபைல் எண்ணில் இருக்கின்றன, டிஜிட்டல் சிக்னேச்சர் யாரிடம், டொமைனும் ஈமெயிலும் யார் பெயரில், எந்த கிளையன்டிடம் வாய்ப்பேச்சாக மட்டும் ஒத்துக்கொண்ட ஃபீஸ் இருக்கிறது என்று இரண்டு பக்கத்தில் எழுதி, இன்னொரு பார்ட்னரிடமும் ஆடிட்டரிடமும் கொடுங்கள். சார் ஐசியூவில் இருக்கும்போது ஓடிபி அவர் போனுக்கு வந்துகொண்டிருந்தால் மாதச் சம்பளம் போடக்கூட முடியாது.

டீடை எடுத்து உட்கார்ந்து படியுங்கள்

பல ஆபீஸ்களில் பார்ட்னர்ஷிப் டீட் 1990களில் டைப் அடித்தது, அதற்கப்புறம் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. பார்ட்னர்ஷிப் சட்டத்தின் பிரிவு 32 ஓய்வுக்கு மூன்று வழி சொல்கிறது: மற்ற எல்லாப் பார்ட்னர்களின் சம்மதத்தோடு, அல்லது டீடில் எழுதியுள்ளபடி, அல்லது காலவரையறை இல்லாத பார்ட்னர்ஷிப்பாக இருந்தால் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து. டீட் வாயே திறக்காவிட்டால், நோட்டீஸ் கொடுத்து வெளியேற முடிந்தாலும், பணம், தவணை, பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் எல்லாருடைய சம்மதமும் வேண்டும், கசப்பு வந்துவிட்ட பிறகு அது கிடைக்காது.

புதிதாக எழுதும்போது இவை கட்டாயம் இருக்கட்டும்: ஓய்வு வயது அல்லது அதற்கான வழிமுறை, எத்தனை மாத நோட்டீஸ், கணக்கு எந்தத் தேதியில் எப்படி முடிப்பது, எத்தனை வருடத் தவணையில் பணம் கொடுப்பது, பெயரை எவ்வளவு காலம் பயன்படுத்தலாம், ஓய்வுக்குப் பிறகு போட்டியாக வேலை எடுக்கலாமா. கடைசி விஷயத்தில் பயப்பட வேண்டாம். வெளியேறும் பார்ட்னர் ஒரு நியாயமான காலத்துக்கும் பகுதிக்கும் உட்பட்டு அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொள்வதை பிரிவு 36 அனுமதிக்கிறது.

இன்னொன்று, இது நம் வீடுகளில் அடிக்கடி வரும் விஷயம். 1972-ன் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்களும், அப்படிப் பதிவு செய்தவர்கள் மட்டுமே பார்ட்னர்களாக இருக்கும் ஃபர்மும்தான் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். எம்பிஏ படித்த மகனையோ, சார் இறந்தபின் மாமியையோ பார்ட்னராகச் சேர்த்தால் ஆபீஸ் அந்தப் பட்டத்தை இழக்கிறது. குடும்பத்துக்குப் பணம் போய்ச் சேர வேறு வழிகள் இருக்கின்றன, அதைத் தவணைத் தொகையாக டீடிலேயே எழுதுங்கள். பாதி ஓய்வில் இருக்கும் பெரியவர் "இனிமேல் எனக்கெதற்கு" என்று கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு பார்ட்னராக மட்டும் தொடர்வதும் இதே சிக்கலில் கொண்டுபோய் விடும். பதிவு உள்ளவரைதான் பார்ட்னர். கம்பெனியாகவோ எல்எல்பியாகவோ மாற்றும் யோசனை இருந்தால், பட்டத்தைப் பற்றிய இதே கேள்வியோடு வக்கீலிடம் போய்விட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

அடுத்தது யார்?

இதில் நாசூக்காகப் பேசிப் பயனில்லை. நான் பார்த்த பல ஆபீஸ்களில் பத்துப் பதினைந்து வருடமாக சைட்டையும் டிராயிங்கையும் பில்லையும் இழுத்துக்கொண்டு போனது ஒரு பெண் அசோசியேட். பார்ட்னர் ஆனது அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த மகன். மகன் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனாலும் சொசைட்டி கமிட்டிக்கும் ஸ்ட்ரக்சரல் கன்சல்டன்ட்டுக்கும் கான்ட்ராக்டருக்கும் தெரிந்த முகம் அந்தப் பெண்ணுடையது. அவர் மனம் வெறுத்துத் தனியாகப் போனால் பாதி வேலையும் பின்னாலேயே போகும். மகன் வரட்டும், ஆனால் அந்தப் பெண்ணோடு சேர்ந்து வரட்டும், அவருக்குச் சமமாகவோ ஒரு படி கீழேயோ வரட்டும்.

ஆளைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது மூன்று விஷயம். கிளையன்டிடம் "முடியாது" என்று சொல்லி உறவைக் காப்பாற்றத் தெரிகிறதா? வராத ஃபீஸைக் கேட்டு வாங்கத் தெரிகிறதா? ஜூனியரின் டிராயிங்கில் தவறைக் கண்டுபிடித்து அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறாரா? டிசைன் நன்றாகச் செய்வதை நான் தனியாக எண்ணவில்லை, அது இல்லாமல் இந்த இடத்துக்கே வந்திருக்க மாட்டார்கள். ஒரே ஆளிடம் மூன்றும் இருக்காது. அதனால்தான் ஒருவருக்குப் பதில் ஒருவர் என்று தேடாமல், போகிற ஒரு பெரியவருக்குப் பதிலாக இரண்டு பேரைத் தயார் செய்வது நல்லது.

பணம் போட்டு பங்கு வாங்கு என்று நாற்பது வயதுக்காரரிடம் கேட்காதீர்கள். மும்பையில் வீட்டு லோன் இஎம்ஐயும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் போக அவரிடம் என்ன இருக்கும்? முதலில் 5 அல்லது 10 சதவீதம் லாபப் பங்கோடு சேர்த்துக்கொண்டு, அவர் பங்கில் ஒரு பகுதியை வருடாவருடம் கேபிடலில் நிறுத்திவைத்து, ஐந்து வருடத்தில் பங்கை மெல்ல உயர்த்துவது நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது.

இரண்டு பெரியவர்களும் ஒரே தேதியில் போகக்கூடாது. சேர்ந்து தொடங்கினோம், சேர்ந்தே முடிப்போம் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆபீஸுக்கு அது இரட்டை அடி. குறைந்தது இரண்டு வருட இடைவெளி வேண்டும். கிளையன்டைப் பார்க்கிறவர் முதலில் போகட்டும், கணக்கும் நிர்வாகமும் பார்க்கிறவர் பின்னால் போகட்டும். முதல் ஓய்வின் தவணைகள் ஒழுங்காகப் போகின்றனவா என்று இரண்டாமவர் உள்ளே இருந்து பார்த்துக்கொள்வார்.

கிளையன்டைக் கைமாற்றுவது

இதுதான் எல்லாவற்றிலும் கடினம், இதற்குத்தான் அதிக காலம் வேண்டும். இப்போது கையில் உள்ள வேலைகளையும், திரும்பத் திரும்ப வரும் கிளையன்ட்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பிரச்சினை வந்தால் அவர்கள் முதலில் யாருக்கு போன் செய்கிறார்கள் என்று எழுதுங்கள். முக்கால்வாசிக்கு மேல் சாரின் பெயர் இருந்தால் உங்களிடம் இன்னும் ஆபீஸ் உருவாகவில்லை, சாரும் அவருக்கு உதவியாளர்களும்தான் இருக்கிறார்கள்.

கிளையன்ட் வகையைப் பொறுத்து வழி மாறும். பில்டருக்கு வேகம்தான் முக்கியம். ஐஓடி, சிசி (மாநகராட்சி தரும் கட்டிட அனுமதியும் வேலை தொடங்கும் அனுமதியும்) தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தால் ஆறு மாதத்தில் புது ஆளுக்குப் பழகிவிடுவார். சொசைட்டி கமிட்டி அப்படியில்லை. சேர்மனும் செக்ரட்டரியும் எழுபது வயதுக்காரர்கள், சாரோடு முப்பது வருடப் பழக்கம், கார்பெட் ஏரியா பற்றி ஒரு சந்தேகம் என்றால் "சார் வாயால் கேட்டால்தான் நிம்மதி" என்பார்கள். கோயில் டிரஸ்ட், ஸ்கூல் டிரஸ்ட், சபா இவற்றில் இன்னும் ஆழம். அங்கே சாரின் அப்பாவையும் தெரிந்திருக்கும், புதிய பார்ட்னரை "நம்ம அலுவலகத்துப் பையன்" என்றுதான் அறிமுகமே செய்வார்கள். டிரஸ்டிகளை மாமா, மாமி என்று கூப்பிட்டே வளர்ந்தவர் திடீரென்று அவர்களிடம் ஃபீஸ் உயர்த்திக் கேட்க வேண்டும் என்பது சாதாரண விஷயம் இல்லை. முதல் தடவை அந்தப் பேச்சை சாரே பக்கத்தில் உட்கார்ந்து தொடங்கிக்கொடுக்க வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் முறை இது. முதல் ஆறு மாதம் எல்லா மீட்டிங்குக்கும் இருவரும் போகிறார்கள், ஆனால் பேசுவது புதியவர். சாரைப் பார்த்துக் கேள்வி கேட்டாலும் சார் புதியவர் பக்கம் திரும்பி "நீ சொல்லு" என்கிறார். பதில் சரியில்லை என்றாலும் அங்கே திருத்தக்கூடாது, காரில் திரும்பி வரும்போது சொல்லலாம். அடுத்த ஆறு மாதம் சார் மூன்று மீட்டிங்குக்கு ஒன்று போகிறார். அதற்குப் பிறகு பூஜைக்கும் ஸ்லாப் போடும் நாளுக்கும் மட்டும். இந்த முழுக் காலத்திலும் மினிட்ஸ், ஈமெயில், பில் எல்லாம் புதியவர் பெயரிலேயே போக வேண்டும்.

சாருக்கு ஒரு வேண்டுகோள். அந்த போன் வரும், நிச்சயம் வரும், "அவர்கிட்ட பேசினேன், இருந்தாலும் நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். அப்போது நீங்கள் புதியவரின் முடிவை மாற்றிச் சொன்னால் இரண்டு வருட வேலை அந்த ஒரு நிமிடத்தில் வீணாகிவிடும். "அவர் சொன்னதுதான், நான் அவரிடம் பேசி அவரையே உங்களைக் கூப்பிடச் சொல்கிறேன்" என்று முடித்துக்கொள்ளுங்கள். முடிவு தவறு என்று தோன்றினால் புதியவரிடம் தனியாகச் சொல்லுங்கள், அவரே கிளையன்டிடம் திருத்திக்கொள்ளட்டும்.

கையெழுத்து

பிஎம்சியில் (மும்பை மாநகராட்சியில்) பிளான் போவது ஒரு குறிப்பிட்ட ஆர்க்கிடெக்டின் பெயரில், அவருடைய பதிவு எண்ணோடு. ஃபர்மின் பெயர் லெட்டர்ஹெட்டில் இருந்தாலும் பொறுப்பு அந்த ஆளுக்கு. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) வேலைகளில் பில்டர் தனி அக்கவுன்ட்டிலிருந்து பணம் எடுக்க ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் மூவரின் சான்றிதழும் வேண்டும் என்று 2016 சட்டம் சொல்கிறது. மகாராஷ்டிராவின் ரெரா ஆணையமான மஹாரெராவில் ஆர்க்கிடெக்ட் தருவது படிவம் 1. ஓய்வு பெற்று புனேயில் பேரனோடு இருக்கும் ஒருவர் பெயரில் இந்தச் சான்றிதழ்கள் தொடர்ந்து போய்க்கொண்டிருப்பது அவருக்கும் ஆபத்து, ஆபீஸுக்கும் ஆபத்து.

ஆகவே ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போதே ஒரு கோடு போடுங்கள்: இன்று முதல் புதிதாகத் தொடங்கும் எந்த வேலையும் சார் பெயரில் போகாது. பழைய வேலைகளில் ஓசிக்கு மிக அருகில் உள்ளவை அவர் பெயரிலேயே முடியட்டும், நடுவில் மாற்றினால் தாமதம்தான் மிச்சம். மற்றவற்றில் ஆர்க்கிடெக்டை முறைப்படி மாற்றுங்கள். அதற்கு உரிமையாளரின் நியமனக் கடிதம், புதியவரின் சம்மதக் கடிதம், பழையவரின் ஆட்சேபணையில்லாக் கடிதம் மூன்றும் வேண்டும். ஒரே ஆபீஸுக்குள்தானே என்று கடைசிக் கடிதத்தை விட்டுவிடாதீர்கள். கவுன்சிலின் 1989 நடத்தை விதிகளில், இன்னொரு ஆர்க்கிடெக்டிடம் உள்ள வேலையை ஏற்கும் முன் அவருடைய நியமனம் முடிந்ததற்கு ஆதாரம் வேண்டும், அவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்திலேயே அன்றுவரை முடிந்த வேலை என்ன, எந்தத் தேதி வரை பொறுப்பு சாருடையது என்று எழுதிவிட்டால் பின்னால் யாரும் வாதாட வேண்டியதில்லை.

தலைக்குள் இருப்பதும் ரோல் ரோலாக இருப்பதும்

மும்பையில் ஓசி வாங்கி 30 வருடம் ஆன கட்டிடங்கள் ஸ்ட்ரக்சரல் சான்றிதழ் பெற வேண்டும் என்று மாநகராட்சிச் சட்டத்தின் பிரிவு 353-பி சொல்கிறது. அதனால் 1980களில் நீங்கள் கட்டிய சொசைட்டிக்காரர்கள் இன்று வந்து பழைய டிராயிங் கேட்கிறார்கள். கொடுக்க முடிந்த ஆபீஸுக்குத்தான் பெரும்பாலும் ரிப்பேர் வேலையும் வருகிறது, பின்னால் ரீடெவலப்மென்ட்டும் வருகிறது. பரணில் இருக்கும் ட்ரேசிங் ரோல்கள் நான்கு மழைக்காலம் கண்டால் பூஞ்சைதான். ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் ஸ்கேன் மட்டும் போதாது. பத்து ரிவிஷனில் எது உண்மையில் கட்டப்பட்டது என்பது சாருக்கும் 25 வருடமாக இருக்கும் டிராஃப்ட்ஸ்மனுக்கும் மட்டும் தெரியும். இருவரையும் வாரத்தில் ஒரு பிற்பகல் ஒரு அசோசியேட்டோடு உட்காரவைத்து, ஒவ்வொரு வேலைக்கும் அரைப்பக்கம்: கட்டியபடி உள்ள டிராயிங் எது, ஃபவுண்டேஷனில் என்ன எதிர்பாராதது வந்தது, எங்கே வாட்டர்ப்ரூஃபிங் தகராறு, ஸ்ட்ரக்சரல் கன்சல்டன்ட் யார், ஃபீஸ் பாக்கி உண்டா. பேசுவதை மொபைலில் ரெக்கார்ட் செய்து அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

முக்கியமான பழைய டிராயிங்குகளை ஏதாவது நிறுவனத்துக்குக் கொடுக்கும் எண்ணமிருந்தால் அதற்கும் இதுவே நேரம். மும்பை ஆர்க்கிடெக்ட் சார்ல்ஸ் கொரியா தன் ஆயிரக்கணக்கான டிராயிங்குகளை லண்டனில் உள்ள ரிபாவுக்கு (பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட்களின் சங்கம்) கொடுத்தபோது அவர் உயிரோடு இருந்தார், 2013-ல் அங்கே நடந்த கண்காட்சியையும் பார்த்தார். எது எந்த டிராயிங் என்று சொல்ல ஆள் இருக்கும்போதே நடந்தது.

டிராயிங்கின் காப்புரிமை (காப்பிரைட்) யாருக்கு என்பதையும் டீடில் ஒரு வரி எழுதுங்கள். ஊழியர்கள் வேலையின் பகுதியாக வரைந்தது முதலாளிக்குச் சொந்தம் என்கிறது 1957 காப்பிரைட் சட்டம், ஆனால் பார்ட்னர் ஊழியர் இல்லை.

பணம்

இங்கேதான் மனஸ்தாபம் தொடங்கும், ஏனென்றால் சார் மனதில் உள்ள எண்ணும் ஆபீஸ் கொடுக்கக்கூடிய எண்ணும் வெகு தூரத்தில் இருக்கும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சாரின் பங்கு 40 சதவீதம், கேபிடல் அக்கவுன்ட்டில் 30 லட்சம். கிளையன்ட்களிடமிருந்து வரவேண்டிய பில் 1.2 கோடி. "என் பங்கே 48 லட்சம் ஆச்சே" என்று அவர் நினைக்கிறார்.

பிரித்துப் பாருங்கள். அந்த 1.2 கோடியில் இரண்டு வருடத்துக்கு மேல் பழையது 45 லட்சம், அது வந்தால் வரும், இப்போது எண்ண வேண்டாம். மீதி 75. முடித்தும் பில் போடாத வேலை 35 லட்சம். மொத்தம் 110. இதிலிருந்து கன்சல்டன்ட்களுக்குக் கொடுக்க வேண்டியது 20 லட்சம். ஊழியர்களின் கிராஜுவிட்டி 30 லட்சம், இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள ஆபீஸில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 52,000 வாங்கும் 25 வருட டிராஃப்ட்ஸ்மன் ஒருவருக்கே 7.5 லட்சம். இப்போது மிச்சம் 60 லட்சம். அது வசூலாகும்போது ஃபர்ம் கட்டும் வரி சுமார் 18 லட்சம். ஆக 42 லட்சம், அதில் 40 சதவீதம் 16.8 லட்சம். கேபிடலோடு சேர்த்து 46.8 லட்சம். நான்கு வருடத் தவணை என்றால் வருடத்துக்கு 11.7 லட்சம், இது ஆபீஸால் தாங்கக்கூடியது. இந்தக் கணக்கை ஓய்வுக்கு மூன்று வருடம் முன்பே ஒரு முறை போட்டு எல்லாரும் பார்த்துவிட்டால் கடைசியில் அதிர்ச்சி இருக்காது, நடுவில் பழைய பாக்கியை வசூலிக்க சாருக்கே உற்சாகமும் வரும். அவர் கேட்டால் வரும் பணம் புதியவர் கேட்டால் வராது.

வரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2021-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, ஓய்வு பெறும் பார்ட்னருக்கு அவர் கேபிடல் பாக்கிக்கு மேல் பணமோ சொத்தோ கொடுத்தால் அந்த அதிகத் தொகைக்கு ஃபர்ம் மூலதன ஆதாய வரி கட்ட வேண்டி வரும். அதனால் முடிந்த அளவு பில்களை அவர் பார்ட்னராக இருக்கும்போதே வசூலித்து லாபப் பங்காகக் கொடுத்துவிடுவது நல்லது. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களும் மாறிவிட்டன, ஆகவே பழைய நண்பரின் டீடை அப்படியே நகல் எடுக்காமல் ஆடிட்டரிடம் புதிதாகக் கேளுங்கள்.

கணக்கை முடிக்காமல் இழுத்தடித்தால் என்ன ஆகும் என்று மற்ற பார்ட்னர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். பார்ட்னர்ஷிப் சட்டத்தின் பிரிவு 37-ன்படி, வெளியேறியவர் தன் பங்கைப் பயன்படுத்தி வந்த லாபத்தையோ, அந்தத் தொகைக்கு 6 சதவீத வருட வட்டியையோ, எது வேண்டுமோ அதைக் கேட்கலாம்.

குட்வில்லுக்கு பெரிய தொகை கேட்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆர்க்கிடெக்ட் ஆபீஸின் நல்ல பெயர் பெரும்பாலும் அந்த ஆளோடு நடமாடுகிறது, அவர் போனபின் அதில் எவ்வளவு மிஞ்சும் என்று யாருக்கும் தெரியாது. சார் அறிமுகப்படுத்திய கிளையன்டிலிருந்து வரும் ஃபீஸில் இத்தனை சதவீதம் என்று ஓய்வுக்குப் பின் கொடுப்பதும் வேண்டாம். வேலையையோ கிளையன்டையோ அறிமுகம் செய்ய கமிஷன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்ற 1989 விதிக்கு அருகில் போய் நிற்கும். மூன்று வருடத்துக்கு நிலையான ஒரு தொகை போதும்.

ஆபீஸ் இருக்கும் இடம் சாரின் சொந்த ஃபிளாட்டா? அப்படியானால் ஓய்வுக்கு முன்பே நியாயமான வாடகையில் லீவ் அண்ட் லைசென்ஸ் எழுதிப் பதிவு செய்யுங்கள், மகாராஷ்டிராவில் பதிவு கட்டாயம். பேங்க் ஓவர்டிராஃப்ட்டுக்கு அவர் பெர்சனல் கேரண்டி கொடுத்திருந்தால் ஓய்வு டீட் அதை நீக்காது, பேங்கிடமிருந்து எழுத்து மூலம் விடுவிப்பு வாங்க வேண்டும்.

கடைசி மூன்று மாதத்தின் தாள் வேலை

சலிப்பான பகுதி, ஆனால் விட்டால் கழுத்தைப் பிடிக்கும். பொது அறிவிப்பு கொடுக்கும்வரை ஓய்வு பெற்றவர் வெளியாருக்குப் பொறுப்பாகவே இருக்கிறார் என்கிறது பார்ட்னர்ஷிப் சட்டத்தின் பிரிவு 32. பதிவு பெற்ற ஃபர்ம் என்றால் அறிவிப்பு என்பது மூன்று இடத்தில்: ரெஜிஸ்டிரார் ஆஃப் ஃபர்ம்ஸுக்கு, அரசிதழில், அந்த மாவட்டத்தில் ஓடும் உள்ளூர் மொழிப் பத்திரிகை ஒன்றில். மும்பையில் மராத்திப் பத்திரிகையில் போட்டுவிடுங்கள், கூடவே ஆங்கிலத்திலும் போடலாம்.

ஜிஎஸ்டியில் இரண்டு வேலை. பார்ட்னர் மாற்றத்தைப் பதிவில் 15 நாளுக்குள் திருத்த வேண்டும். அது தவிர, ஓய்வுத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கமிஷனருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் கடிதம் போய்ச் சேரும் நாள்வரை ஃபர்மின் ஜிஎஸ்டி பாக்கிக்கு ஓய்வு பெற்றவரும் பொறுப்பு. இந்த இரண்டாவதைப் பலர் செய்வதே இல்லை. கடிதம் கொடுத்து, சீல் போட்ட நகலை சார் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்.

லெட்டர்ஹெட், விசிட்டிங் கார்டு, வெப்சைட், ஈமெயிலின் அடிக்குறிப்பு எல்லாவற்றிலும் பார்ட்னர் என்ற இடத்திலிருந்து அவர் பெயர் அன்றே நீங்க வேண்டும். தெரிந்தே தன்னைப் பார்ட்னராகக் காட்ட அனுமதித்தவர், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்குப் பொறுப்பாகிறார்.

வாசல் பலகையில் உள்ள பெயர்

ஃபர்மின் பெயரே சாரின் பெயர் என்றால் முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்யுங்கள். இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரோஜர்ஸ் என்ற பெரிய ஆர்க்கிடெக்ட் 2020-ல் ஓய்வு பெற்றார். அவர் போனபின் இரண்டு வருடத்துக்குள் பெயரை எடுக்க வேண்டும் என்று அவர்களின் விதியிலேயே இருந்ததால், 2022-ல் ஃபர்ம் ஆர்எஸ்ஹெச்பி என்று மாறியது, சண்டை இல்லை. லண்டன் ஆர்க்கிடெக்ட் ஜஹா ஹதீத் 2016-ல் இறந்தபின் அவர் ஃபர்ம் அவருடைய பெயரைப் பயன்படுத்த நிகர வருமானத்தில் 6 சதவீதம் ஒரு அறக்கட்டளைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர லண்டன் கோர்ட்டுக்கே போனார்கள். நம் ஆபீஸ்களுக்கு எனக்குப் பிடித்த வழி: ஓய்வுக்கு மூன்று வருடம் முன்பு பழைய பெயரோடு புதியவரின் பெயரையோ ஒரு பொதுப் பெயரையோ சேர்த்து, ஓய்வுக்கு இரண்டு வருடம் பின்பு பழையதை எடுப்பது. வீட்டுக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள், அவர்களுக்குத்தான் இது அதிகம் வலிக்கும்.

எப்போது யாரிடம் சொல்வது

பார்ட்னர்கள், அப்புறம் அசோசியேட்டுகள், ஒரு வாரத்துக்குள் முழு ஆபீஸ், அதன்பின் கன்சல்டன்ட்கள், கிளையன்ட்கள். அக்கவுன்ட்ஸ் பார்க்கும் பெரியவரையும் ஆபீஸ் பாயையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சாரோடு இளமையிலிருந்து இருப்பவர்கள் அவர்கள், செய்தியை லிஃப்ட்டில் கேட்கக்கூடாது. அவர்கள் வேலை என்ன ஆகும் என்பதற்கும் அதே உட்காருதலில் பதில் இருக்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு

சார் தொடர்ந்து வரலாம், வரத்தான் வேண்டும், ஆனால் எழுதப்பட்ட ஒரு வேலையோடு. மாதத்துக்கு இரண்டு நாள் டிசைன் ரிவ்யூ, ஜூனியர்களை அழைத்துக்கொண்டு பழைய சைட்களைப் பார்ப்பது, பில்டிங் பைலா வகுப்பு, இப்படி. சம்பளம் கன்சல்டன்ட் ஃபீஸாக, டிடிஎஸ் பிடித்து. ஆள் எடுப்பதிலும் ஃபீஸ் முடிவிலும் அவருக்குப் பங்கில்லை. அவருடைய கேபினைப் புதியவருக்குக் கொடுத்து அவருக்கு வேறு மேஜை போடுங்கள். இதைச் சொல்லும்போது சங்கடமாக இருக்கும், ஆனால் அந்தக் கேபின் காலியாகவே இருந்தால் வருகிற கிளையன்ட் ஒவ்வொருவரும் அதை எட்டிப் பார்ப்பார்கள். இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு வருட முடிவும் இருக்கட்டும், வேண்டுமானால் அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம்.

கடைசியாக இன்சூரன்ஸ். புரொஃபஷனல் இண்டெம்னிட்டி பாலிசி (தொழில் தவறுகளுக்கான இன்சூரன்ஸ்) பொதுவாக வேலை செய்த வருடத்தைப் பார்க்காது, புகார் வரும் வருடத்தில் பாலிசி உயிரோடு இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ரெரா சட்டத்தில், வீட்டைக் கையில் கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடம் கட்டமைப்புக் குறைகளுக்கு பில்டர் பொறுப்பு. பில்டருக்கு நோட்டீஸ் வந்தால் அடுத்த நோட்டீஸ் ஆர்க்கிடெக்டுக்கு வரும், கையெழுத்து போட்டவர் ஓய்வில் இருக்கிறார் என்பது அதைத் தடுக்காது. ஆகவே சார் கையெழுத்திட்ட கடைசி வேலையின் பொசெஷன் தேதியிலிருந்து குறைந்தது ஆறு வருடம், ஓய்வு பெற்ற பார்ட்னரின் பழைய வேலைகளையும் சேர்த்து, பின்தேதி (எந்தத் தேதிக்குப் பிந்தைய வேலைகளுக்கு பாலிசி செல்லும் என்ற தேதி) மாறாமல் ஃபர்ம் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும், பிரீமியம் ஃபர்ம் கட்ட வேண்டும், ஒவ்வொரு வருடமும் நகல் சாருக்குப் போக வேண்டும் என்று ஓய்வு டீடிலேயே எழுதுங்கள். அந்த நகல் ஒரு வருடம் வராவிட்டால் சார் போன் செய்து கேட்கலாம், கேட்க வேண்டும்.